அத்தானின் அமெரிக்கன்

அத்தானை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவருடைய முகம் அல்ல, கைகள். நின்றுகொண்டிருந்த ஒரு காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடப்பக்கம் கால்வாசி, வலப்பக்கம் கால்வாசி என்று மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு கைகள். ஒஸ்லோவின் வடகிழக்கில், ஒரு மரக்கிட்டங்கியின் பின்புறம் நாங்கள் வாடகைக்கு இடம் பிடித்திருந்த கராஜ் அது. வெளியே மாசி மாதத்துப் பனி. காலை பத்து மணி இருக்கும். கார் ஓடவில்லை. ஓடக்கூடாது என்பதுதான் அந்தக் காரின் முழு விசேஷமும். அத்தான் வாயால் இயந்திரச் சத்தமும் எழுப்பினார் என்று எழுதினால் அக்கா கோபிப்பார். ஆனால் எழுப்பினார்தான், கீழ்க்குரலில், கியர் மாற வேண்டிய இடங்களில் சரியாக இறக்கி ஏற்றி. நான் பக்கத்தில் நின்று, "அத்தான், நிண்ட இடத்திலை திருப்பாதேங்கோ, டயர் தேயும்" என்றேன். அவர் உடனே கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி மச்சான், உன்ரை விலை தேய வேண்டாம்" என்றார்.

அதில் கிண்டல் எவ்வளவு, கீழ்ப்படிவு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்டுத் தெளிவதற்கு அவரும் இல்லை. சென்ற கார்த்திகையில் காலமாகிவிட்டார்.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் எல்லாரையும் போல நோர்வேஜியர்களின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு மொழிப் பரீட்சை, ஓட்டுநர் பரீட்சை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, நகரத்து ட்ராம் ஓட்டுநராக ஆனவர். அந்த வேலையில் அவருக்கு ஒரேயொரு மனக்குறைதான். ட்ராமுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு கைப்பிடி இருக்கும்; தள்ளினால் போகும், இழுத்தால் நிற்கும். எங்கே போவது என்பதைத் தண்டவாளம் எப்போதோ முடிவுசெய்துவிட்டது. "இருபத்தாறு வருசமா வாகனம் ஓடுறன், ஒரு நாளும் திருப்பினதில்லை" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அவர்கள் குடியிருந்த ரொம்மனில் வாசலிலேயே நிலக்கீழ் ரயில் வந்து நிற்கும்போது கார் எதற்கு என்பது அக்காவின் கட்சி. ஆகவே வீட்டில் காரும் இல்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு என் கட்டுரைகளில் இரண்டு தடவை பயன்படுத்தியும் இருக்கிறேன், எங்கிருந்து சுட்டேன் என்று சொல்லாமல்.

அவர்கள் இருந்தது நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில். லிஃப்ட் இல்லை. இளமையில் குடிபுகுந்தவர்கள் மேலே இருந்தால் காற்றும் வெளிச்சமும் என்று நினைப்பார்கள். முழங்கால்களைப் பற்றி அப்போது யாரும் நினைப்பதில்லை. அக்கா மருத்துவமனைத் துப்புரவுப் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். அவருடைய முழங்கால்கள் இரண்டும் அந்தத் தரைகளிலேயே செலவாகி முடிந்தன. ஐம்பத்தாறு படி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பையைக் கீழே வைத்துக் கொஞ்சம் நிற்பார். யாராவது இறங்கி வந்தால் பைக்குள் எதையோ தேடுவது போல நடிப்பார். அதே கட்டடத் தொகுதியில் கீழ்த்தளத்து வீடு ஒன்று வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்பதுதான் இருவருடைய திட்டமும். அதற்கென்றே ஒரு சேமிப்பு இருந்தது. கீழ்வீட்டுக்கு அது கொஞ்சம் போதாது. அந்தக் கொஞ்சத்துக்குள்தான் நான் நுழைந்தேன்.

நான் நகரசபை அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்களை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றும் உத்தியோகத்தில் இருப்பவன். மதிய இடைவேளையில் நிறைய வாசிப்பேன். தமிழ்ச் சஞ்சிகைகளில் வேடிக்கைக் கட்டுரை எழுதுவதால் எனக்கு எல்லா விஷயமும் தெரியும் என்று நானும் வேறு சிலரும் நம்பிவந்தோம். அந்தச் சிலர் பிற்பாடு விலகிக்கொண்டார்கள். அந்த வருடம் நான் வாசித்துக்கொண்டிருந்தது பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி. மசில் கார் என்பார்கள்: நடுத்தர உடம்பு, இரண்டே கதவு, அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பிரமாண்டமான எட்டுச் சிலிண்டர் இயந்திரம். மின்சாரக் கார் ஓட்டுங்கள் என்று உலகத்துக்கே வகுப்பெடுக்கும் இந்த நாட்டில், வெயில் அடித்ததும் நரைத்த நோர்வேஜியர்கள் பொத்திவைத்த அமெரிக்கக் கார்களை வெளியே எடுத்து, பெற்றோலை ஆறாக ஊற்றிக்கொண்டு ஊர்வலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். இனி இப்படி ஒரு கார் பிறக்கப்போவதில்லை, ஆகவே இருப்பவற்றின் விலை ஏறியே ஆக வேண்டும் என்று நான் வாசித்த எல்லாமும் சொன்னது. அதை எழுதியவர்கள் எல்லாரும் அந்தக் கார்களை விற்பவர்கள் என்பது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

"வங்கியிலை கிடந்தால் காசு நித்திரை கொள்ளும், அத்தான். இது நிண்ட இடத்திலை வளரும்" என்றேன்.

"நிண்ட இடத்திலையோ?"

"ஓம். ஓடினால்தான் குறையும். இஞ்சின் அதே இஞ்சினா இருக்க வேணும், பெயின்ற் அதே பெயின்ரா இருக்க வேணும். ஒருத்தற்றை கையும் படாமல் இருக்கிறதுதான் மதிப்பு."

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது கார் இல்லை மச்சான், காணி" என்றார்.

காணி என்ற சொல் அக்காவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு யாழ்ப்பாணத் தம்பதியிடம் அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. சேமிப்பில் பெரும்பங்கு காருக்குப் போயிற்று; என் பங்காக ஒரு சிறு தொகையும் ஏராளமான ஆலோசனையும் போயின. இரண்டு வருடம் வைத்திருப்பது, விற்பது, அக்காவைக் கீழே இறக்குவது: இதுதான் ஒப்பந்தம். என் மகள் இங்கே பிறந்தவள், கணக்காய்வாளராக வேலை செய்பவள். அவள் மட்டும் என்னைத் தனியாகப் பிடித்து, "அப்பா, இது முதலீடு இல்லை, ஹொபி. உங்கடை ஹொபிக்கு மாமி ஏன் படி ஏற வேணும்?" என்று கேட்டாள். இளம் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன்.

கப்பலில் வந்து இறங்கிய காருக்கும் எனக்கும் ஒரே வயது. பிறந்த வருடமே ஒன்று. அதற்கு வயது ஏற ஏற மதிப்புக் கூடும் என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அடர்ந்த பச்சை, சில இடங்களில் மங்கி, ஓரங்களில் லேசாக வெடித்து, ஆனால் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் அடித்த வர்ணம். எந்தக் கொம்பனி, என்ன பெயர் என்பதெல்லாம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது அமெரிக்கன். அத்தான் முதல் காரியமாக அதைப் பாரவண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விக்க வேண்டும் என்றார். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஐயர் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்துக்கொண்டு பொனற்றை நோக்கி வந்தபோதுதான் நான் பாய்ந்து குறுக்கே நின்றேன். "ஐயா, பெயின்ரிலை வேண்டாம், விலை விழுந்துபோம்." ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் கண்ணாடியில் ஒரு பொட்டு வைப்பது என்று சமாதானமாயிற்று. கர்ப்பூரத்தைப் பத்தடி தள்ளி வைத்துக் காட்டினார்கள். தன்னுடைய பூசையைத் தானே தூரத்தில் நின்று பார்த்த காராக அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

பிறகு தொடங்கியது என் வியாதி. காணியாக இருந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். இது அப்படிக் கிடக்கவில்லை. மழை பெய்தால் கராஜ் கூரை ஒழுகுமா என்று நெஞ்சு அடிக்கும். வெயில் அடித்தால் யன்னல் வழியாக ஒளி பட்டு வர்ணம் மங்குமா என்று அடிக்கும். பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு எங்கள் சப்பாத்துகளில் ஒட்டி உள்ளே வரும் என்று வாசலில் இரண்டு கால்மிதி போட்டேன். எலிக்குப் பொறி. ஈரப்பதத்துக்கு ஒரு அளவுகருவி. அது நாற்பத்தைந்தைத் தாண்டினால் அத்தானுக்குத் தொலைபேசி. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்துக்கும் மறு விண்ணப்பத்துக்கும் நடுவே அமெரிக்க ஏல விலைகளைப் பார்ப்பேன். ஏறியிருந்தால் விற்கக்கூடாது, இன்னும் ஏறும். இறங்கியிருந்தால் விற்கக்கூடாது, நட்டம். அந்த மூன்று வருடத்தில் விற்பதற்குத் தோதான ஒரு நாளை நான் கண்டதே இல்லை. ஆம், மூன்று வருடம். இரண்டு என்பது ஒப்பந்தம்தான். "இன்னும் ஒரு வருசம், அத்தான்" என்று நான் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அக்காவிடம் போய் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். எப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

அத்தானுக்கு லீவு நாள் வந்தால் கராஜுக்கு வந்துவிடுவார். மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் இயந்திரத்தை எழுப்பிவிடலாம் என்று நான் அனுமதித்திருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் நிலம் அதிரும், சுவரில் தொங்கும் சாவிகள் ஆடும். அவர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை, "கிட்டங்கி வாசல் மட்டுக்கும் போட்டு வரட்டே, இருநூறு மீற்றர்?" என்று கேட்டார். கிலோமீற்றர் மானி, காப்புறுதி, வீதியில் தெறிக்கும் கல் என்று நான் கால் மணித்தியாலம் விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்.

மூன்றாவது பனிக்காலத்தில் அக்கா விழுந்தார். குறொன்லாண்ட் கடைத்தெருவில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தவர், மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் மடங்கி அப்படியே நாலைந்து படி சறுக்கிப் போயிருக்கிறார். அம்புலன்ஸ்காரர் அவரை ஒரு கதிரையில் வைத்துக் கட்டிக் கீழே இறக்கியபோது, சிதறிய கத்தரிக்காய்களைப் பொறுக்கச் சொல்லி எனக்குத்தான் கட்டளை வந்தது. எலும்பு முறியவில்லை, முழங்கால் இன்னும் கெட்டுவிட்டது. திரும்பவும் மேலே ஏற்றிவிட்ட பிறகு ஆறு கிழமை அவர் கீழே இறங்கவில்லை. நான் போகும்போதெல்லாம் யன்னலோரம் இருப்பார். "பார் தம்பி, கீழை சனம் நடக்குது" என்றார் ஒருநாள், கண்காட்சி காட்டுவது போல.

அன்று அத்தான் என்னோடு படியிறங்கி வாசல்வரை வந்தார். "காணியை வித்திடுவம், மச்சான்" என்றார்.

"வசந்தத்துக்கு விலை கொஞ்சம்..." என்று தொடங்கிய நான் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "வசந்தம் மட்டும் பொறுப்பம்" என்று முடித்தேன்.

சித்திரையில் விளம்பரம் போட்டோம். ஃபியோர்டு ஓரத்துச் சிறு பட்டணம் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு நோர்வேஜியர் கூப்பிட்டார். நான் சொன்னபடி யாருடைய கையும் படாத காராக இருந்தால் கேட்ட விலையைத் தருகிறேன் என்றார். நான் கேட்ட விலை சாதாரணமானது அல்ல. அதே கிழமை அவர்களுடைய தொகுதியிலேயே கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்று விற்பனைக்கு வந்தது. கணக்குச் சரியாகப் பொருந்தியது. மூன்று வருடம் காத்தது எவ்வளவு சரி என்று நான் மகளிடம் சொல்லிக்காட்டினேன்.

வாங்குபவர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அக்கா அறிவித்தார்: "நானும் வாறன். வாற மனுசனுக்கு ஊத்தையோடையே காட்டப்போறியள்? எங்கடை வீட்டுக்கு வாற மாதிரித்தானே." ஐம்பத்தாறு படியையும் ஒவ்வொரு திருப்பத்திலும் குந்தியிருந்து இறங்கி வந்தார். அத்தானுக்கு அன்று வேலை. நான் லீவு போட்டிருந்தேன். கராஜ் சொந்தக்காரரிடம் காரைத் தலைக்கு மேலே உயர்த்தும் லிஃப்ட் ஒன்று இருந்தது. அமெரிக்கனை அதில் ஏற்றினோம். அக்காவுக்குக் கிடைக்காத லிஃப்ட் காருக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு வேடிக்கை எனக்குத் தோன்றியது. சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

அக்கா வேலை செய்து நான் பார்த்தது என் மாணவப் பருவத்தில்தான், அவரும் அத்தானும் நானும் விடியற்காலையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தைத் துடைத்த காலத்தில். அந்தக் கை மாறவில்லை. குனியத் தேவையில்லாதபடி கார் தலைக்கு மேலே நின்றது. சத்திரசிகிச்சைக் கூடங்களின் கூரை துடைத்துப் பழகிய கைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வாளியில் வெந்நீர், மருத்துவமனையில் பாவிப்பதைப் போன்ற சவர்க்காரம், மூன்று விதமான தூரிகை, மூலைகளுக்குப் பல்துலக்கும் பிரஷ். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு விரிவுரை ஆற்றினேன். இந்த இலக்கம்தான், அக்கா, இயந்திரத்தின் பிறப்பு இலக்கம், இதை மட்டும் உரசக்கூடாது. மேல்வர்ணத்தில் தூரிகை படக்கூடாது. அவர் அதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார். இயந்திரத்தின் பின்சுவரிலும் அடித்தகட்டிலும் கறுத்த ஊத்தைக்குக் கீழே மஞ்சள் சோக்கால் ஏதோ கிறுக்கல்கள் தெரிந்தன. ஒரு வட்டம், ஒரு கோடு, நீல மெழுகுக் கட்டியால் ஓர் எழுத்து.

"இதென்ன, ஆரோ கிறுக்கி வைச்சிருக்கிறான்?" என்றார் அக்கா.

"இந்தக் கராஜ்காரன்ரை வேலையா இருக்கும். துடையுங்கோ" என்றேன் நான்.

பின்னேரம் வேலை முடிந்து சீருடையோடு வந்த அத்தான் காரின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "மச்சான், உன்ரை அக்கா இதை ஆஸ்பத்திரி ஆக்கிப்போட்டா" என்றார். அக்கா தூரிகைகளைக் கழுவியபடி திரும்பாமலே சிரித்தார். அந்த மூன்று வருடத்தில் நாங்கள் மூவரும் ஒன்றாக நிம்மதியாக இருந்த நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான்கூட ஈரப்பதத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வந்தவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வர்ணத்தைப் பார்த்தார், தலையாட்டினார். இயந்திர இலக்கத்தைப் பார்த்தார், சிரித்தார். பிறகு கைவிளக்கோடு அடியில் போனார். வெளியே வந்து பொனற்றைத் திறந்து பின்சுவரைப் பார்த்தார், விரலால் தடவினார். அக்கா அப்போது கராஜ் சொந்தக்காரரின் சிறிய அறையில், வந்தவருக்குத் தேநீரும் வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த ரோல்ஸும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கழுவியது யார்?" என்று அவர் நோர்வேஜிய மொழியில் கேட்டார். கோபமாக அல்ல. வைத்தியர் எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்பது போல.

அத்தான் அந்த அறைக் கதவை ஒருதரம் பார்த்தார். "நான்" என்றார். "நான்தான். எனக்குச் சுத்தம் முக்கியம்."

அந்த "நான்" என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். துடையுங்கோ என்றது என் வாய். அது திறப்பதற்குள் அத்தான் சொல்லி முடித்துவிட்டார். குறுக்கே ஆள் வந்தால் பிரேக் பிடிக்கும் ட்ராம் ஓட்டுநரின் வேகம். வந்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கினார். அந்தக் கிறுக்கல்கள் அமெரிக்கத் தொழிற்சாலையில், காரைப் பொருத்திப் பரிசோதித்தவர்கள் அந்த அவசரத்தில் போட்ட குறிகள். அரை நூற்றாண்டு அழியாமல் கிடந்தவை. இப்படிப்பட்ட கார்களைச் சேர்ப்பவர்களுக்கு அதுதான் யாருடைய கையும் படவில்லை என்பதன் சாட்சி. இப்போது இது நல்ல பழைய கார், அவ்வளவுதான். அவர் புதிதாகச் சொன்ன விலை நாங்கள் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஏராளமாக வாசித்த நான் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்காமல் விட்டிருந்தேன்.

அக்கா தட்டோடு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்றார்.

"இஞ்சினிலை ஏதோ சத்தமாம். விலையைக் கொஞ்சம் இறக்கட்டாம்" என்றார் அத்தான்.

"நான் வடிவாத் துடைச்சது தெரிஞ்சதாமோ?"

"ஓம். அதைப் பாத்துத்தான் மனுசன் பேச்சில்லாமல் நிண்டவர்."

வெளியே போய் நான் அத்தானிடம் வாதாடினேன். வேறு ஆள் பார்க்கலாம், இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் சந்தை திரும்பும் என்றேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னை இடைமறித்தார். "அவ அந்தப் படியிலை இன்னொருக்கா விழுந்தால் சந்தை திரும்புமோ, மச்சான்?" உள்ளே போய்ப் புதிய விலைக்குச் சம்மதித்தார். ஒரேயொரு பேரம்தான் பேசினார்: காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து தருவது.

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முன்னால் அத்தானும் அக்காவும். பின்னால், மனிதரை உத்தேசிக்காத அந்த இருக்கையில் முழங்கால் நெற்றியில் முட்ட நான். நகரத்தை விட்டு வெளியேறும்வரை அவர் ட்ராம் ஓட்டுவது போலவே ஓட்டினார், நேராக, நிறுத்தங்களைத் தேடுவது போல. பிறகு ஒரு ரவுண்டபவுட் வந்தது. எங்கள் பாதை நேராகப் போக வேண்டும். அவர் சுற்றினார். முழுச் சுற்று வந்தும் வெளியேறவில்லை. இரண்டாவது சுற்று. அக்கா கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, "இஞ்சருங்கோ, என்ன கோயில் வீதியே சுத்துறியள்?" என்றார்.

"இன்னும் ஒண்டு" என்றார் அத்தான்.

பின்னால் வந்த மின்சாரக் கார் ஒன்று ஹோர்ன் அடித்தது. எட்டுச் சிலிண்டரும் உறுமப் பச்சைக் கார் மூன்றாவது முறையும் சுற்றியது. வெளியே பூமரங்களும் வழிகாட்டிப் பலகையும் அதே ஹோர்ன்காரரும் மறுபடி மறுபடி வந்து போனார்கள். பழக்கதோஷத்தில் நான் கிலோமீற்றர் மானியை எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் அத்தானுடைய முகம் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் மானியைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தது ரயிலில். அக்கா யன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். அத்தான் என் பக்கம் குனிந்து, "மச்சான், நீ எழுதுறவன். இதை மட்டும் எழுதாதை. தான் துடைச்சதாலைதான் எண்டு தெரிஞ்சால் அவ தாங்கமாட்டா" என்றார். எழுதமாட்டேன் என்றேன்.

இரண்டு அறை வீடு அதற்குள் கைமாறியிருந்தது. ஒற்றை அறை வீடுதான் கிடைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் வந்தால் வரவேற்பறையில் படுக்க வேண்டும். ஆனால் கீழ்த்தளம். குடிபுகுந்த அன்று அத்தான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நாலைந்து தரம் நடந்து பார்த்தார். "படி ஏறாமல் வீட்டுக்குள்ளை வாறது களவாய் வாற மாதிரிக் கிடக்கு" என்றார். ஒன்றரை வருடம் அப்படி வந்து போனார். பிறகு ஒருநாள் வேலையிலிருந்து வந்து நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் அந்த வீட்டு வாசலில் நிறைந்து நின்றபோது, யாரோ, நல்லவேளை கீழ்வீடு, தூக்குவது சுகம் என்றார்கள்.

இந்தச் சித்திரையில்தான் விளம்பரத்தைக் கண்டேன். பார்க்கும் வியாதி விடவில்லை. கார் இல்லாமலே விலை பார்க்கிறேன். அதே பச்சை, அதே ஓரத்து வெடிப்பு. விற்பவர் எங்களிடம் வாங்கியவரா, அவரிடம் வாங்கிய வேறொருவரா தெரியாது. விலை நான் அன்று கேட்டதைவிட மேலே. கீழே படங்கள். பின்சுவரில் மஞ்சள் சோக்கால் ஒரு வட்டம், ஒரு கோடு. "தொழிற்சாலைக் குறிகள் அப்படியே உள்ளன" என்று எழுதியிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு ரொம்மனுக்கு ரயில் ஏறினேன். அக்கா தேநீர் ஊற்றித் தந்தார். நான் கைத்தொலைபேசியை நீட்டி, "பாருங்கோ அக்கா அநியாயத்தை! நீங்கள் துடைச்சதை ஆரோ திருப்பி வரைஞ்சிருக்கிறான். அண்டைக்கு இது இல்லையெண்டுதானே விலையை விழுத்தினவர்!" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தார். "இஞ்சின் சத்தம் எண்டவர் இவர்" என்றார். இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துடையுங்கோ என்றது நான்தான் என்பதை முதலில் சொன்னேன். கழுவியது யார் என்று கேட்டபோது அத்தான் தானே என்று சொன்னதைக் கடைசியில் சொன்னேன்.

"தான் கழுவினது எண்டவரோ? இவரோ?"

"ஓம், அக்கா. தனக்குச் சுத்தம் முக்கியம் எண்டும் சொன்னவர்."

"அந்த மனுசன் நம்பினவரோ?"

"நம்பினவர். ஒரு கேள்வி கேக்கேல்லை."

அக்கா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஊரான்ரை கந்தோர், ஒஃபீசு எல்லாம் கழுவின மனுசன். கலியாணம் கட்டி முப்பத்திநாலு வருசத்திலை வீட்டிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினதில்லை" என்றார். சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு போன இடம் எனக்குத் தெரிந்தது. நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே, எங்கள் முகத்துக்கு நேரே, சனம் நடந்து போய்க்கொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, குடித்து முடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தேன்.

"வை அதை" என்றார் அக்கா பின்னாலிருந்து. "நீங்கள் ரெண்டுபேரும் கழுவினது போதும்."